கருவுற்ற காலத்து மனச்சோர்வுக்கு மூலிகை மருந்து: குடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் உள்ள ஓர் அங்காடி மருந்துக் கடையில் ‘பிரம்மி’ என்று கேட்டால், ஈரமான வயலோரத்தில் படரும், சிறிய தடித்த இலைகளையுடைய நீர்ப்பிரமியை எடுத்துத் தருவார்கள். இப்பால் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ அதே பெயரைச் சொன்னால், கடைக்காரரைப் பொறுத்து, வல்லாரைப் பொடி கைக்கு வரலாம். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களும் வெவ்வேறு. ‘சங்குபுஷ்பி’ என்ற பெயரில் குழப்பம் இன்னும் பெரிது. கேரளத்து வைத்தியர்கள் அப்பெயரால் நம் வேலியோரத்தில் பூக்கும் நீலச் சங்குப்பூவைக் குறிப்பார்கள். வட இந்தியாவில் தயாராகி வரும் பாட்டிலில் அதே பெயருக்குள் இருப்பது தரையில் படரும் வேறொரு செடி. விஷ்ணுகிரந்தியை அப்பெயரால் அழைப்பவர்களும் உண்டு. இவை எல்லாமே மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நல்லவை என்று சொல்லி விற்கப்படுகின்றன. கருவுற்றிருக்கும் ஒரு பெண் இவற்றுள் ஒன்றைக் குடிக்கப் போகிறாள் என்றால், அவள் குடிப்பது எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டமாகிய விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆட்சி மாறியபோதும் மருந்துப் பழக்கம் எல்லையின் இரு பக்கத்துக்கும் பொதுவாகவே தொடர்ந்தது. அதனால்தான் நம் வீடுகளில் ஆசான் என்று நாம் அழைக்கும் நாட்டு வைத்தியர் எழுதித் தந்த கஷாயமும், திருவனந்தபுரம் போனவர் வாங்கி வந்த அரிஷ்டமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்த இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இந்தப் பழக்கத்தைக் குறைசொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஆசான்மாரின் கைமருந்தில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கருவுற்ற பெண்ணின் மனச்சோர்வுக்கு அந்த அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுப்பதில் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்கின்றன. ஒன்று, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமலேயே அதை வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். மற்றது, மருத்துவம் வேண்டிய ஒரு நோய்க்கு மருத்துவம் நடந்துகொண்டிருப்பதாக நம்பி மாதங்களைக் கடத்திவிடுகிறோம். இரண்டாவது பிழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், அது மனச்சோர்வுதானா

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கருவுற்ற பெண்களில் 15.6 சதவீதத்தினருக்கும், பிள்ளை பெற்றவர்களில் 19.8 சதவீதத்தினருக்கும் மனநலக் குறை ஏற்படுகிறது. அவற்றுள் முதன்மையானது மனச்சோர்வு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்று கொண்டால், ஒரு தெருவில் ஒருவருக்காவது வந்திருக்கும் நோய் இது. ஆனாலும் நம்மிடையே அதற்கு அப்பெயர் கிடையாது. ‘மனசுக்குச் சுகமில்லை’, ‘உறக்கம் பிடிக்கவில்லை’, ‘ஒன்றிலும் ஒரு உற்சாகமில்லை’ என்று பெண்கள் சொல்வார்கள். கண்ணேறு என்றும், மசக்கை என்றும், பிறந்த வீட்டு நினைப்பு என்றும் மற்றவர்கள் காரணம் சொல்வார்கள். பயம் வந்து, திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனையை நினைத்து, ‘ஊளம்பாறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்குமோ’ என்ற சொல் வீட்டில் ஒருமுறை எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள்.

பார்க்க வேண்டியது இதுதான். தொடர்ந்து இரண்டு வாரங்கள், பெரும்பாலான நாட்களில் பெரும்பாலான நேரம், துக்கமோ எதிலும் பற்றின்மையோ நீடிக்கிறதா? அதோடு உறக்கம், பசி, கவனம் ஆகியவை கெடுதல், தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம், காரணமில்லாத குற்ற உணர்வு ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா? கருவுற்ற காலத்தில் உறக்கமும் பசியும் இயல்பாகவே மாறும் என்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மகிழ்ச்சி தரும் செயல்களில் மனம் ஈடுபடுகிறதா என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இதற்காகவே உலகெங்கும் பயன்படுகிறது. அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போது, ‘மனநிலையைப் பார்க்கும் அந்தக் கேள்வித்தாளை எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்பதில் தவறே இல்லை. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும் பத்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் எந்த அளவில் வந்தாலும், மற்ற மதிப்பெண்களைப் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்தே செய்யுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைபாடு ஆகிய மூன்றும் மனச்சோர்வைப் போலவே முகம் காட்டும். கருவுற்ற காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தச்சோகை. அதற்கு இரும்புச்சத்து வேண்டியிருக்கும்போது பிரம்மி நெய்யைக் கொடுத்துக்கொண்டிருந்தால், மாதங்கள் போகுமே தவிர சோர்வு போகாது. ஆகவே எந்த மருந்தையும், மூலிகையானாலும் மாத்திரையானாலும், தொடங்கும் முன் இந்த மூன்று இரத்தப் பரிசோதனைகளும் நடந்திருக்க வேண்டும்.

மருத்துவம் இல்லாமல் விடப்படும் மனச்சோர்வு பிள்ளையையும் தொடும். சாப்பிடாத, உறங்காத, பரிசோதனைக்குப் போகாத தாயின் பிள்ளை எடை குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்தக் காரணத்தால்தான், ‘மூலிகை வேண்டாம், பேசாமல் பொறுத்துக்கொள்’ என்று சொல்வதும் தவறான ஆலோசனையாகிறது.

பெயர், பகுதி, வடிவம்

எந்த மூலிகை மருந்தைப் பற்றியும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் அதை வாயில் வைக்கக் கூடாது: எந்தச் செடி, செடியின் எந்தப் பகுதி, என்ன வடிவம். செடியைப் பற்றி மேலே சொன்னேன். பகுதியும் அதே அளவுக்கு முக்கியம். ஒரே செடியின் வேரும் இலையும் உடலில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆனால் நம் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது வடிவம்தான்.

அரிஷ்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்வது அது. புளிக்கும்போது தானாகவே சாராயம் உண்டாகிறது. பாட்டிலின் மேலேயே ‘தானாக உண்டான ஆல்கஹால்’ என்று சதவீதத்தோடு அச்சிட்டிருப்பார்கள். அது 12 சதவீதம் வரை இருக்கலாம். அசுவகந்தாரிஷ்டம், சாரஸ்வதாரிஷ்டம் ஆகிய இரண்டும் மனத்துக்கு என்று நம் வீடுகளில் அதிகம் கேட்டு வாங்கப்படுபவை. கருவுற்ற காலத்தில் இவ்வளவு சாராயம் தீங்கு செய்யாது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை. ஒரு வேளைக்கு 25 மில்லி என்றால் குறைவாகத் தோன்றலாம். நாளுக்கு இரண்டு வேளை, மூன்று மாதம் என்று கூட்டிப் பாருங்கள். கள்ளை நினைத்தும் பாராத வீடுகளில், கருவுற்ற பெண்ணுக்கு அரிஷ்டத்தை அளந்து ஊற்றிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். அதனால்தான் லேபிளின் அந்தச் சிறிய எழுத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுப் பொடியாக்கிய பஸ்மம், பற்பம், செந்தூரம் சேர்ந்த மருந்துகள். கேரளத்து வைத்தியத்தில் மனநோய்க்குப் புகழ்பெற்ற மானசமித்ர வடகம் 70க்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்ந்தது. அதில் மூலிகைகளோடு தங்கம், வெள்ளி, இரும்பு ஆகியவற்றின் பஸ்மங்களும் உண்டு. வைத்தியர் நாடி பார்த்து, நாள் குறித்துத் தரும் மருந்து அது. ‘எனக்குக் குணமானது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டப்பாவை நீட்டினால், அதை வாங்கிச் சாப்பிடும் பொருளன்று. உலோகக் கலப்பு குறித்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14 பொருள்களில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது தெரிந்தது. 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் கருவுற்ற பெண்கள் ஆறு பேருக்கு ஈய நச்சு கண்டறியப்பட்டபோது, இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை அவர்கள் உட்கொண்டிருந்தது தெரியவந்தது. மருந்தில் ஈயம் கலந்திருப்பதை நாக்கால் கண்டறிய முடியாது. எலும்பில் தங்கி, தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், வளரும் மூளையைத் தாக்கும். எல்லா மருந்துகளிலும் இப்படி இருக்கிறது என்பதன்று செய்தி. எதில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் செய்தி.

ஆகவே உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், உட்பொருள்களின் முழுப் பட்டியல் ஆகிய நான்கும் அச்சிடப்படாத எந்தப் பொட்டலத்தையும் கருவுற்ற காலத்தில் ஒதுக்கிவிடுங்கள். சந்தையில் செய்தித்தாளில் மடித்துத் தரும் பொடிக்கும், எழுத்தில்லாத டப்பாவில் வரும் லேகியத்துக்கும் இது பொருந்தும். மனத்தை அமைதிப்படுத்தும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் சில லேகியங்களில் கஞ்சா சேர்ந்திருக்கும். கருவுற்ற காலத்தில் கஞ்சா எந்த வடிவிலும் கூடாது. அச்சிட்ட லேபிள் இருப்பதாலேயே மருந்து பாதுகாப்பானது என்றும் கொள்ளக் கூடாது. லேபிள் இருந்தால், மருத்துவரிடம் காட்டிக் கேட்பதற்கு ஒரு பொருள் கையில் இருக்கும், அவ்வளவே.

அதிகம் கேட்கப்படும் சில மருந்துகள்

அமுக்கரா முதலில் வருகிறது, ஏனென்றால் இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் என்று அதிகம் விற்பது அதுதான். அங்காடிக் கடையில் கிழங்காகவும், மருந்துக்கடையில் மாத்திரையாகவும், செல்பேசி விளம்பரத்தில் இனிப்பு மிட்டாயாகவும் வருகிறது. ‘அசுவகந்தா’ என்று மலையாள லேபிளில் இருப்பதும் இதுவே. கருத்தரிப்பதற்காகப் பாலில் காய்ச்சிக் கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று இருப்பதால், கருத்தரித்த பிறகும் அது நல்லது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. கருவுக்கு முன் கொடுப்பதும் கருவுற்ற பின் கொடுப்பதும் ஒன்றல்ல. கருச்சிதைவு அச்சத்தின் காரணமாகக் கருவுற்றவர்கள் இதை உட்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ ஆய்வு மையம் எச்சரிக்கிறது. டென்மார்க் 2023இல் இதன் விற்பனையையே தடை செய்தது. இதைவிட நம் பெண்களுக்கு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு: அமுக்கரா தைராய்டு சுரப்பை உயர்த்தக்கூடும். கருவுற்ற காலத்தில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் நம்மிடையே மிகப் பலர். ஒரு கையால் மருத்துவர் அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்க, மறு கையால் அந்த அளவை நாமே கலைத்துவிடுவது போல் ஆகும். கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்துள்ளன. என் கருத்து ஐயத்துக்கு இடமில்லாதது: கருவுற்றது தெரிந்த நாளிலேயே அமுக்கராவை நிறுத்துங்கள்.

ஹைபெரிகம் நம் மண்ணின் மூலிகை இல்லை. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் மஞ்சள் பூச்செடி இது. நமக்கு இணையக் கடை வழியாக மாத்திரையாகவும், ஹோமியோபதிக் கடையில் தாய்த் திரவமாகவும் வருகிறது. லேசான, நடுத்தர மனச்சோர்வில் இது வேலை செய்கிறது என்பதை 2008இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு உறுதி செய்தது. அது உண்மையாகவே வேலை செய்யும் மருந்து என்பதால்தான் அதன் ஆபத்தும் உண்மையானது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தூண்டிவிடுகிறது. அதனால் வலிப்பு மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவை உடலில் நிற்கும் அளவு குறைந்துபோகிறது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால், செரோட்டோனின் அளவுக்கு மீறி உயர்ந்து, நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், குழப்பம் ஆகியவை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கருவுற்றவர்களிடம் இதன் பாதுகாப்பை உறுதிசெய்யும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. மருந்துகளைச் சோதிக்கும்போது பெரும்பாலும் கருவுற்ற பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால், மூலிகைகளில் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுதான். தீங்கு பதிவாகவில்லை என்பதைத் தீங்கில்லை என்று படித்துவிடக் கூடாது.

சர்ப்பகந்தா, மலையாளத்தில் அமல்பொரி, பழைய மருந்து. 1931இலேயே சென், போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதன் பயனைப் பற்றி எழுதினார்கள். 1952இல் அதன் வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் ரெசர்பின் மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களை வற்றச்செய்து, மனச்சோர்வையே உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை நெடுங்காலமாக உள்ளது. நஞ்சுக்கொடியைக் கடந்து, பிறந்த பிள்ளைக்கு மூக்கடைப்பையும் பாலுண்ண மாட்டாத நிலையையும் தரக்கூடும். உறக்கத்துக்கு என்று யாராவது இந்த வேரைக் கொடுத்தால், கொடுத்தவர் எவ்வளவு நெருங்கியவரானாலும், வாங்க வேண்டாம்.

வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற செல்லப் பெயர் இருப்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. மனத்துக்குத் தரும் சாரஸ்வத சூரணத்திலும் பிரம்மி நெய்யிலும் வசம்பு சேர்கிறது. அதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. சடாமாஞ்சிலும் தகரம் என்ற மூலிகை வேரும் உறக்கத்துக்குத் தரப்படுபவை. கருவுற்ற காலத்துப் பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லாத நிலையில் இவற்றையும் தவிர்ப்பதே முறை.

குங்குமப்பூவைப் பற்றிக் கேட்காத வீடு இல்லை. பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது உண்மையன்று. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மரபணு. மறுபுறம், கருவுறாத பெரியவர்களிடம் நாளுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறு மனச்சோர்வைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உள்ளன. பாலில் இரண்டு மூன்று இழை போடுவது உணவளவு. அதனால் கவலை இல்லை. ஆனால் மனச்சோர்வுக்கு என்று அளவைக் கூட்டினால் கதை மாறும். மிகுந்த அளவில் அது கருப்பையைத் தூண்டக்கூடும். 5 கிராமுக்கு மேல் நஞ்சாகவே வேலை செய்யும். விலை அதிகம் என்பதால் சாயமேற்றிய நார் கலந்து விற்பதும் நடக்கிறது.

உணவளவு, மருந்தளவு என்ற இந்த வேறுபாட்டை வல்லாரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு துவையல் அரைத்துச் சாப்பிடுவது வேறு, சாற்றைச் சுண்டவைத்து அடைத்த குளிகையை நாள்தோறும் இரண்டாக விழுங்குவது வேறு.

ஏற்கெனவே குடித்துவிட்டால்

கருவுற்றது தெரிவதற்கு முன்பே பல வாரங்கள் போய்விடுகின்றன. பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான ஏறக்குறைய 28ஆம் நாளிலேயே மூடிவிடுகிறது. ஆகவே, ‘தெரியாமல் குடித்துவிட்டேனே’ என்ற நடுக்கத்தோடு வரும் பெண்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்வது: தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். ஒருமுறையோ சில நாட்களோ குடித்ததால் பிள்ளைக்குக் கேடு வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. இதற்காகக் கருவைக் கலைக்க முடிவெடுத்துவிடக் கூடாது. மூலிகையை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் பொட்டலத்தையும் எறியாமல் எடுத்து வையுங்கள். எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். 18 முதல் 20 வாரத்தில் செய்யும் ஸ்கேனில் உறுப்புகளைக் கூர்ந்து பார்ப்பார்கள். பஸ்மமோ செந்தூரமோ நெடுநாள் சாப்பிட்டிருந்தால், இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்; ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வதற்கென்று தனி ஏற்பாடும் உண்டு.

மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண் கருவுற்றதும், ‘இங்கிலீஷ் மருந்து பிள்ளைக்கு ஆகாது, அது பச்சமருந்துதானே மக்களே, ஒண்ணும் செய்யாது’ என்று வீட்டில் சொல்லி, ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தி அரிஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவுற்ற காலத்தில் மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அது 26 சதவீதம். உலகெங்கும் பல்லாயிரம் கருவுற்ற பெண்கள் சாப்பிட்டு, பிள்ளைகளின் நிலை பதிவாகியுள்ள மருந்துகள் இவை. செர்ட்ராலின் போன்ற மாத்திரையைப் பற்றி மருத்துவருக்குத் தெரிந்திருப்பதில் ஒரு சிறு பங்கு கூட அமுக்கராவைப் பற்றி யாருக்கும் தெரியாது. அம்மாத்திரைகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. பிறந்த பிள்ளைக்குச் சில நாட்கள் நடுக்கமோ எரிச்சலோ இருக்கலாம். ஆனால் அவை தெரிந்த விளைவுகள் என்பதால், மருத்துவமனையில் அதற்கு ஆயத்தமாக இருக்க முடியும்.

எல்லா மாத்திரைகளையும் தொடரலாம் என்றும் இதற்குப் பொருளில்லை. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் பிள்ளையின் நரம்புக் குழாயையும் பிற்கால அறிவு வளர்ச்சியையும் கெடுக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. அதை மாற்றியாக வேண்டும். எதை விடுவது, எதைத் தொடர்வது, எப்படி மெல்லக் குறைப்பது என்பதை மருந்து எழுதிய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அந்தச் சந்திப்பு நடக்கும் வரை மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். உடனே மருத்துவரைப் பார்க்க முடியாவிட்டால், எழுதித் தந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்படிச் சொல்வது

மகப்பேறு மருத்துவர் திட்டுவார் என்று மூலிகையை மறைப்பதும், ஆசான் மனம் வருந்துவார் என்று மாத்திரையை மறைப்பதும் இரண்டுமே வழக்கம். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, மூலிகை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, இருவருக்கும் அந்த ஒரே தாளைக் காட்டுங்கள். ‘ஐயா, நான் நான்கு மாதக் கர்ப்பிணி. தைராய்டுக்கு இந்த மாத்திரை சாப்பிடுகிறேன். நீங்கள் தரும் மருந்தில் என்ன செடி, சாராயம் உண்டா, பஸ்மம் உண்டா என்று எழுதித் தர வேண்டும்’ என்று வைத்தியரிடம் கேளுங்கள். முறையாகப் படித்த வைத்தியர் அதை எழுதித் தரத் தயங்க மாட்டார். கருவுற்றவளுக்கு இது வேண்டாம் என்று பல நேரங்களில் அவரே சொல்லிவிடுவார். எழுதித் தர மறுப்பவரின் மருந்தை, அவர் எவ்வளவு பெயர்பெற்றவரானாலும், இந்த ஒன்பது மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூலிகையைப் பற்றி ஐயம் கேட்க இவையே தகுந்த இடங்கள். மனநிலைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வீட்டுக்கு வந்து போகும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் பேசினால், எங்கே போவது என்ற வழியை அவரே காட்டுவார்.

நேரில் பேசக் கூச்சமாக இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்தச் சேவையில் தமிழிலும் மலையாளத்திலும் பேச முடியும் என்பது எல்லையோர வீடுகளுக்கு, குறிப்பாக அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு, பெரிய வசதி. சாக வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, பல நாள் உறங்காமல் அளவுமீறிப் பேசினாலோ, தொலைபேசியோடு நிற்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பெண்ணை ஒரு கணமும் தனியே விடாதீர்கள்.

மருந்தே இல்லாத மருத்துவமும் உண்டு. லேசான மனச்சோர்வுக்கு, பயிற்சி பெற்றவரோடு வாரந்தோறும் பேசிச் சிந்தனைப் போக்கைச் சீராக்கும் முறை நல்ல பயன் தருகிறது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இம்முறையில் நடந்த பணி 2008இல் வெளியான ஆய்வில் சிறந்த பலன் காட்டியதால், உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் வழிகாட்டியாக ஏற்றது. கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களைக் கொண்டே அதைச் செய்து பார்த்தார்கள். இங்கே மாமியாருக்கும் தாய்க்கும் ஒரு வேலை இருக்கிறது. அரிஷ்டம் ஊற்றிக் கொடுக்கும் அந்த நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்ன மக்களே, மனசில் என்ன?’ என்று கேட்டு, பதில் வரும் வரை பொறுத்திருங்கள். பகலில் இரண்டு மணி நேரம் அவளை உறங்க விடுங்கள். மாலையில் துணைக்கு வந்து சிறிது தூரம் நடங்கள். அவளை வீட்டில் அடிப்பவரோ ஏசுபவரோ இருந்தால், எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது; முதலில் அவளை அங்கிருந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பேறுகாலம் நெருங்கும்போது

எட்டாம் மாதத்தில் அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் புதிதாக எழுதுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருந்து கொடுப்பவர் நீங்கள் சாப்பிட்ட மூலிகைகளை அறிந்திருக்க வேண்டும். உறக்கம் தரும் தகரமும் ஹைபெரிகமும் மயக்க மருந்தோடு மோதக்கூடியவை என்பதால், இரண்டு வாரங்களுக்கு முன்பே அவை நின்றிருக்க வேண்டும். தாளைத் தாய் சேய் நல அட்டைக்குள் மடித்து, மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் பையில் வையுங்கள்.

பிள்ளை பிறந்த பின் நம் பக்கத்தில் 40 நாள் பேறுகால மருந்து தொடங்கும். தசமூலாரிஷ்டமும் லேகியமும் அப்போதுதான் வீட்டுக்கு வரும். அரிஷ்டத்தின் சாராயம் தாய்ப்பாலிலும் கலக்கும் என்பதால், மேலே சொன்ன கேள்விகள் அத்தனையும் பால் கொடுக்கும் காலத்துக்கும் பொருந்தும். அமுக்கராவும் ஹைபெரிகமும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பெண்களுக்குத் தாய் தன்னையும் பிள்ளையையும் மறந்துபோகும் கடுமையான மனநோய் திடீரென வரக்கூடும். முன்பு மனநோய் இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். பேறுகால மருந்து தீரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த 40 நாளை எண்ணிக்கொண்டிராமல், உறக்கம் அறவே போனதும் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். போகும்போது அந்தத் தாளையும், திறந்த பாட்டில்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.